அங்குலம் அழித்த நோட்டு

அங்குலத்துக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. வரி ரசீதிலும் மருத்துவமனைச் சீட்டிலும் மட்டும் அது தலைகாட்டும். மற்ற நேரமெல்லாம் அவர் அங்குலம்தான். ஒரு பலகையைப் பத்தடி தள்ளி நின்று பார்த்து, "இருபத்தேழே கால்" என்பார். அளந்தால் இருபத்தேழே கால் அங்குலம் இருக்கும். இல்லாவிட்டால் அளவு டேப் நைந்து போயிருக்கிறது என்பார். அந்த வட்டாரத்தில் அவரைப் போலக் கண்ணளவு உள்ள தச்சர் வேறு யாரும் இல்லை. இதை எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். முதலில் சொன்னது அவர்தான் என்பதால் அது பொய்யாகிவிடாது.

படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. படிப்புக்கு அவரைப் பிடிக்கவில்லையா, அவருக்குப் படிப்பைப் பிடிக்கவில்லையா என்று இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசவே இல்லை. பதின்மூன்று வயதில் ஒரு பட்டறையில் மரச்சீவல் கூட்டப் போனார். முப்பது வயதில் சொந்தப் பட்டறை. இன்றைக்கு வயது அறுபத்திரண்டு. பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். அறுக்கும் இயந்திரம் இரண்டு. மூலையில் கண்ணாடி வைத்த ஆபீஸ் அறை ஒன்று. யாராவது புதிதாக வந்தால் அங்குலம் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டி, "கடவுள் கொடுத்த மூலதனம்" என்பார். வலது ஆள்காட்டி விரலில் பாதி நகம் இல்லை. அதைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் ஆகும்.

பட்டறையில் அவர் போட்ட சட்டங்கள் பல. அவற்றில் தலையானது பென்சில் கோடு பற்றியது. வேலை நடக்கும்போது மரத்தில் எத்தனை கோடு வேண்டுமானாலும் போடலாம், கணக்கு எழுதலாம், அம்புக்குறி வரையலாம். வேலை முடிந்து சாமான் வெளியே போகும்போது ஒரு கோடு கண்ணில் படக்கூடாது. இழைப்புளி போட்டோ உப்புத்தாள் தேய்த்தோ எடுத்துவிட வேண்டும். வாசல் வரை போன மேசையைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி, காலின் அடியில் கிடந்த ஒரு பென்சில் குறியை எடுக்கவைத்த ஆள் அவர்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. அது சட்டம் இல்லை, ரகசியம். வாயால் சொல்ல முடியாததை எல்லாம் மரத்தில் எழுதுவார். 'இந்த மூட்டு சரியில்லை, என் தப்பு' என்று பலகையில் எழுதி, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு இழைப்புளியைப் போடுவார். எழுத்து சுருள் சுருளாகக் கீழே விழும். கூட்டிப் பெருக்கிச் சாக்கில் கட்டிவிடுவார்கள். நாற்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து 'என் தப்பு' என்று ஒருவரும் கேட்டதில்லை. காரணம், அதெல்லாம் சாக்கில் போய்விட்டது.

அவருடைய ஒரே மகளைக் கட்டிய மாப்பிள்ளை டிப்ளமா படித்தவர். கண்ணாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கடிதம், ஆர்டர், வரைபடம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர். அதிகம் பேசமாட்டார். அங்குலத்தின் கணக்கில் இது மாப்பிள்ளையின் நல்ல குணம்.

இருவருக்கும் நடுவில் இருந்த ஒரே முள் பதினோரு அலமாரி.

ஒரு பள்ளிக்கூடத்துக்குச் செய்த அலமாரிகள் அவை. முன்பக்கம் முழுக்கக் கதவு. பக்கச் சுவர்கள் இரண்டில் ஒன்று மூடியது, மற்றதில் திறந்த தட்டுகள். திறந்த பக்கம் வலமா இடமா என்பதுதான் விஷயம். வரைபடத்தில் முன்பக்கப் படத்துக்கு வலது புறத்தில் பக்கவாட்டுப் படம் போட்டிருந்தது. அங்குலம் தொழில் கற்ற பட்டறைக்கு வந்த படங்களில் எல்லாம், வலது புறம் போட்டிருந்தால் அது இடது பக்கத்தின் படம். அந்தக் காலத்தில் அப்படித்தான் வரைந்தார்கள். ஆகவே இடது பக்கத்தைத் திறந்து வைத்துப் பதினொன்றையும் அடித்துவிட்டார்.

இரண்டாவது அலமாரி நடந்துகொண்டிருந்தபோதே மாப்பிள்ளை வந்து நின்றார்.

"மாமா, கீழ ஒரு கூம்பு மாதிரி சின்னதா குறி போட்டிருக்காங்க பாருங்க. அதை வச்சுப் பார்த்தா இது வலது பக்கம்."

"மாப்பிள்ளை, நான் படம் பார்க்க ஆரம்பிச்சப்போ நீங்க பிறக்கவே இல்ல."

"அது சரி மாமா."

"கூம்பாம் கூம்பு. அது கம்பெனி முத்திரையா இருக்கும்."

பதினொன்றும் போய் இறங்கின. திறந்த தட்டுகள் எல்லாம் சுவரைப் பார்த்து நின்றன. அங்குலம் அந்த இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, எதிர் வரிசையில் இருந்த அறைக்கு அலமாரிகளை மாற்றச் சொன்னார். அந்த அறை இதற்கு இடம் வலம் மாறி அமைந்த அறை. அங்கே கச்சிதமாகப் பொருந்தின. "அங்கதான் வெளிச்சம் நல்லா வருது. யோசிச்சுத்தான் செஞ்சேன்" என்று தலைமை ஆசிரியரிடம் சொன்னார். தலைமை ஆசிரியர் நன்றிகூடச் சொன்னார். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாததுதான் அங்குலத்தைக் குத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த வருடம் ஒரு கடிதம் வந்தது. இனிமேல் பள்ளிக்கூடம், நூலகம், மருத்துவமனை போன்ற பொதுக் கட்டடங்களுக்குச் சாமான் செய்வதானால், வரைபடத்தின் அடியில் சான்றிதழ் பெற்ற மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட வேண்டும். டிப்ளமா இருந்தாலும் செல்லும். மாப்பிள்ளையிடம் டிப்ளமா இருந்தது. அங்குலத்திடம் இரண்டு கை இருந்தது.

முதல் வரைபடம் வந்தது. மாப்பிள்ளை வலது ஓரக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். சின்னக் கையெழுத்து. ஆணவம் ஒன்றும் இல்லை. அங்குலம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அளவு சொன்னது அவர், மரம் தேர்ந்தெடுத்தது அவர், மூட்டு எப்படி என்று முடிவு செய்தது அவர். அடியில் கையெழுத்து வேறொருவருடையது.

அன்று மாலையே தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய் மேற்பார்வையாளர் படிப்பில் சேர்ந்துவிட்டார். ஆறு மாதம், வாரத்தில் மூன்று பிற்பகல். வேலையில் இருப்பவர்களுக்கான படிப்பு. விண்ணப்பத்தில் 'வேலை கொடுப்பவரின் மின்னஞ்சல்' என்று ஒரு கட்டம் இருந்தது. வேலை கொடுப்பவரும் அவர்தான், செய்பவரும் அவர்தான். ஆனால் அவருக்குத் தெரிந்த மின்னஞ்சல் பட்டறையுடையது ஒன்றுதான். பட்டறைக்கு வரும் மின்னஞ்சலைத் திறப்பவர் மாப்பிள்ளை. அங்குலம் அதை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் வகுப்பில் இருபத்தாறு பேர். அங்குலம்தான் மூத்தவர். அவருக்கு வலது பக்கத்தில் ஒரு வெல்டர் உட்கார்ந்தார். நாற்பது வயது, இடைவிடாமல் பேசும் வாய். வரைபட டீச்சருக்கு அங்குலத்தின் மகள் வயதுதான் இருக்கும். ஆளுக்கொரு டேப்லெட்டும் அதில் எழுதும் பேனாவும் கொடுத்தார்கள். பாடப்புத்தகம் அதற்குள்ளேயே இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். படத்தின் மேலேயே எழுதலாம், ஓரத்தில் குறிப்பு வைக்கலாம், நிறம் அடிக்கலாம், பேனாவை வால் பக்கம் திருப்பித் தேய்த்தால் அழியும்.

டீச்சர் இதையெல்லாம் சுவர்த் திரையில் காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது அங்குலம் பேனாவின் நுனியை ஆராய்ந்துகொண்டிருந்தார். மழுங்கலாக இருந்தது. இப்படி ஒரு நுனியை வைத்துக்கொண்டு மரத்தில் கோடு போட்டால் அரைக்கால் அங்குலம் போய்விடும். சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தார். டீச்சர் திரும்பிப் பார்ப்பதற்குள் மேசையில் வெள்ளைத் துருவல் விழுந்திருந்தது.

"ஐயா, என்ன பண்றீங்க?"

"மொட்டையா இருந்துச்சு டீச்சர். சீவிட்டேன்."

"ஐயா, அதைச் சீவக் கூடாது!"

"சீவாத பென்சிலை வச்சு என்ன டீச்சர் பண்றது?"

வெல்டர் குனிந்து துருவலைப் பார்த்தார். "நல்லவேளை டீச்சர், அண்ணன் கையில கொடுத்தீங்க. என் கையில கொடுத்திருந்தா பத்தவச்சுப் பார்த்திருப்பேன்."

டீச்சர் உதிரி நுனி ஒன்றை எடுத்து மாட்டிக் கொடுத்தார். இந்தக் களேபரத்தில் அவர் சொன்ன ஒரு வாக்கியம் அங்குலத்தின் காதில் ஏறவில்லை: குறிப்புகளுக்கு நாற்பது மார்க், கடைசியில் நோட்டைச் சமர்ப்பிக்காதவர்களுக்குத் தேர்வு எழுத அனுமதி இல்லை.

அடுத்த வாரங்களில் இன்னும் இரண்டு நுனி போயிற்று. அவை அழுத்தத்தில் போனவை. ஆனாலும் அங்குலத்துக்கு அந்தப் பேனா பிடித்துவிட்டது. மெல்லத் தொட்டால் மெல்லிய கோடு, அழுத்தினால் தடித்த கோடு. "இதைச் செஞ்சவன் ஒரு காலத்துல தச்சனா இருந்திருப்பான்" என்று வெல்டரிடம் சொன்னார். வகுப்பு முடிந்தால் பேனா தானாகக் காதுக்கு மேல் ஏறிவிடும். இரண்டு முறை அப்படியே வீட்டுக்குப் போய்ப் படுத்து எழுந்திருக்கிறார்.

பக்கம் திருப்புவதுதான் பாடாக இருந்தது. விரலால் தள்ள வேண்டும். அங்குலம் தள்ளினார். நகரவில்லை. காய்ப்புக் காய்த்த விரலை அந்தக் கண்ணாடி விரல் என்றே ஏற்றுக்கொள்ளவில்லை. மரம் என்று நினைத்ததோ என்னவோ. வெல்டருக்கும் அதே கதை. கடைசியில் இருவரும் விரலை மடக்கி முட்டியால் தள்ளக் கற்றுக்கொண்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேர் கதவைத் தட்டிக்கொண்டிருப்பதுபோல இருக்கும். அந்த வகுப்பில் உண்மையாக உழைத்த விரல் யாருடையது என்று அந்தக் கருவியே காட்டிக் கொடுத்துவிட்டதாக அங்குலம் எல்லாரிடமும் சொன்னார்.

மஞ்சள் நிறம் அடிக்கும் வசதியும் பிடித்துப்போயிற்று. முக்கியமான வரியில் மட்டும் அடிக்கச் சொன்னார் டீச்சர். அங்குலம் வார்னிஷ் அடிப்பதுபோல இழை பார்த்து, விளிம்பு விடாமல், இரண்டு பூச்சு அடித்தார். நான்காம் பக்கம் முழுக்க மஞ்சள்.

படித்தார் என்றால் சும்மா இல்லை, மாடாக உழைத்துப் படித்தார். டீச்சர் சொல்வதை ஓரத்தில் எழுதுவார். புரியாததையும் எழுதுவார். மரத்தில் எழுதிய கை அல்லவா, உண்மையைத் தவிர வேறு எழுத அதற்குத் தெரியாது. வகுப்பு முடிந்ததும் கீழே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் உள்ள பெஞ்சில் உட்காருவார். அன்றைய பக்கங்களை ஒன்று விடாமல் பார்ப்பார். தலையில் ஏறிவிட்டது என்று உறுதியானதும் பேனாவைத் திருப்பி, எழுதியதை எல்லாம் தேய்த்து எடுத்துவிடுவார். வேலை முடிந்தது, கோடு தெரியக்கூடாது. இதில் ஒரு கூடுதல் சுகம், கூட்டிப் பெருக்க வேண்டியதில்லை.

மூன்றாம் மாதம் ஒரு நாள் டீச்சர் முப்பத்தேழாம் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். அடியில் ஒரு சின்னக் குறி. தலை வெட்டிய கூம்பு ஒன்று, பக்கத்தில் இரண்டு வட்டம்.

"இந்தக் குறியைப் பார்க்காம யாரும் படத்தைப் படிக்கக் கூடாது. வலது புறம் போட்ட படம் வலது பக்கமா, இடது பக்கமான்னு இதுதான் சொல்லும். ரெண்டு முறை இருக்கு. வட்டம் எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க."

வெல்டர் முழங்கையால் இடித்தார். "என்னண்ணே, வேர்க்குது?"

"புழுக்கமா இருக்கு."

"ஃபேன் உங்க தலைக்கு மேலதான் ஓடுது."

அங்குலம் ஓரத்தில் ஏதோ எழுதினார். வெல்டர் எட்டிப் பார்த்தார். அங்குலம் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார். அன்று சைக்கிள் பெஞ்சில் உட்கார்ந்ததும் முதலில் அழித்தது அந்தப் பக்கத்தைத்தான். இரண்டு முறை தேய்த்தார்.

இப்படியாக ஆறு மாதம் ஓடிற்று. நோட்டைக் கொடுக்கும் நாளுக்கு முந்தின நாள், டீச்சர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சரிபார்த்தார். அங்குலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் டேப்லெட்டை நீட்டினார். டீச்சர் ஒரு பக்கம் தள்ளினார். இன்னொரு பக்கம். பத்துப் பக்கம். நூறு பக்கம்.

"ஐயா, இதுல ஒண்ணுமே இல்லையே."

"சுத்தமா இருக்கும் டீச்சர்."

"உங்க குறிப்பெல்லாம் எங்க?"

"வேலை முடிஞ்சதும் எடுத்துட்டேன்."

டீச்சர் டேப்லெட்டை மேசையில் வைத்தார். பிறகு நாற்பது மார்க் பற்றியும் தேர்வு அனுமதி பற்றியும் முதல் நாள் சொன்ன வாக்கியத்தை மறுபடி சொன்னார். இந்த முறை கையில் கத்தி இல்லாததால் அங்குலத்துக்கு நன்றாகக் கேட்டது.

"இன்னிக்கே உட்கார்ந்து எல்லாத்தையும் எழுதிடறேன் டீச்சர். எல்லாம் தலைக்குள்ள இருக்கு."

"எழுதலாம் ஐயா. ஆனா ஒவ்வொரு கோட்டுக்கும் தேதி விழும். எல்லாத்துலயும் ஒரே தேதி இருந்தா வெளியிலிருந்து வர்ற தேர்வாளர் ஏத்துக்கமாட்டார். ஆறு மாசம் எழுதினதா இருக்கணும்."

"அப்போ?"

"அழிச்சது எதுவும் உண்மையில போகல. எல்லாம் உள்ள ஒரு பெட்டியில கிடக்கும். அனுமதி வாங்கித் திறந்தா அப்படியே வரும், அந்தந்தத் தேதியோட."

அங்குலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பது வருடமாகக் கூட்டிக் கட்டிய சாக்குகள் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து நின்றன.

"எல்லாமேவா?"

"எல்லாமே. இது வேணும், அது வேண்டாம்னு பொறுக்க முடியாது. திறந்ததும் நோட்டு பூட்டிக்கும், அதுக்கப்புறம் நீங்க எதையும் அழிக்கவும் முடியாது. தேர்வாளருக்கு ஒரு பிரதி போகும்."

"அவர் பார்த்தா பரவாயில்ல."

"வேலை கொடுப்பவருக்கும் ஒண்ணு போகும். விண்ணப்பத்துல கொடுத்த மின்னஞ்சலுக்கு."

அங்குலம் நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"நாளைக்குப் பகல் பன்னிரண்டு மணி வரைக்கும் டைம் இருக்கு ஐயா. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். காலையில் போன ஆளும் இப்போது வந்த ஆளும் ஒருவர்தானா என்று பார்ப்பவள்போல ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னங்க, ஃபெயிலா?"

"ஃபெயில் ஆகிறதுக்கு நான் என்ன படிக்காதவனா?" என்று அதட்டிவிட்டு நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்ததும், "நான் படிப்பை விட்டுடறேன். மாப்பிள்ளையே கையெழுத்துப் போடட்டும்" என்றார்.

"அப்படி என்ன எழுதினீங்க?"

"தொழில் விஷயம்."

"தொழில் விஷயத்தை மாப்பிள்ளை பார்த்தா என்ன?"

"உனக்குப் புரியாது."

அவள் மடித்த துணியை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். "இங்க வாங்க கொஞ்சம்" என்று குரல் மட்டும் வந்தது. போனார். கல்யாணத்துக்கு முன்னால் அவரே தன் கையால் செய்த அலமாரி அங்கே நின்றது. அவள் அடித்தட்டில் இருந்த போர்வைகளை எல்லாம் வெளியே எடுத்து வைத்தாள்.

"குனிஞ்சு உள்ள பாருங்க. பின்பலகையில."

அங்குலம் குனிந்தார். முழங்கால் சத்தம் போட்டது. உள்ளே, இழைப்புளி எட்டாத மூலையில், முப்பத்தாறு வருடத்துப் பென்சில் எழுத்து. அவருடைய எழுத்துதான். 'வலது கால் அரைக்கால் அங்குலம் குறைச்சல். என் தப்பு. அட்டை வைத்திருக்கிறேன். கட்டிக்கப்போகிறவளுக்குத் தெரியக்கூடாது.'

அவர் குனிந்தபடியே இருந்தார். நிமிர்வதற்கு வசதியான நேரமாக அது தெரியவில்லை.

"இது உனக்கு எப்போ தெரியும்?"

"வந்த மூணாம் நாள். பெருக்கும்போது."

"சொல்லவே இல்ல?"

"தெரியக்கூடாதுன்னு எழுதியிருக்கே. அதான் சொல்லல." போர்வைகளை மறுபடி அடுக்கிக்கொண்டே அவள் சொன்னாள். "அட்டை நைஞ்சு போகும். அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை நான்தான் மாத்திக்கிட்டிருக்கேன். படிச்சுட்டு நான் என்ன வீட்டைவிட்டா போயிட்டேன்?"

அங்குலம் நிமிர்ந்து, அலமாரியைத் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "அரைக்கால் இல்ல. அதைவிடக் குறைச்சலாத்தான் இருக்கும்" என்றார்.

மறுநாள் பதினொன்றரை மணிக்குக் கல்லூரியில் இருந்தார். "திறங்க டீச்சர்" என்றார். பல் பிடுங்கக் காட்டும் ஆளைப்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

டீச்சர் அனுமதி எண்ணைப் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினார். வெற்றுப் பக்கங்களில் கோடுகள் ஒவ்வொன்றாக முளைத்தன. அம்புகள், அளவுகள், குறுக்குவெட்டுகள், மஞ்சள் பூச்சு, நடுநடுவே எழுத்து. தன் நோட்டைக் கொடுக்க வந்திருந்த வெல்டர் டீச்சரின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். யாரும் கூப்பிடவில்லை.

"பக்கம் ஒன்பது. 'டீச்சர் வேகமாகப் பேசுகிறார். மெதுவாகச் சொல்லச் சொன்னால் எனக்குப் புரியவில்லை என்று தெரிந்துவிடும்'" என்று வெல்டர் உரக்கப் படித்தார்.

டீச்சர் பக்கத்தைத் தள்ளினார்.

"பக்கம் பதினாறு. 'மில்லிமீட்டர் எனக்கு இன்னும் பழகவில்லை. ஆளில்லாதபோது விரலால் எண்ணிப் பார்க்கிறேன்.' அடேயப்பா! பக்கம் இருபத்திரண்டு. 'வெல்டர் என்னைப் பார்த்து எழுதுகிறான். தப்பையும் சேர்த்து.'" வெல்டர் நிறுத்தினார். "அண்ணே, எந்தத் தப்பு?"

"பதினாலாம் கணக்கு."

வெல்டர் தன் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு தன் இடத்துக்கு ஓடினார். முட்டியால் பக்கம் தள்ளும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

டீச்சர் மீதியைத் தனியாகப் படித்தார். முப்பத்தேழாம் பக்கத்தில் சற்று நின்றார். அங்குலம் ஜன்னலுக்கு வெளியே சைக்கிள்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஐயா, முப்பது வருஷப் புத்தகம் இது. எத்தனையோ பேர் படிச்சிருக்காங்க. எங்க புரியலைன்னு இப்படி ஒருத்தரும் எனக்கு எழுதிக் கொடுத்ததில்ல."

"நானும் கொடுக்கல டீச்சர். அழிச்சுட்டேன்."

பன்னிரண்டு அடிக்க நான்கு நிமிடம் இருக்கும்போது நோட்டு போயிற்று. தேர்வாளருக்கு ஒன்று. பட்டறைக்கு ஒன்று.

அங்குலம் பட்டறைக்குத் திரும்பினார். கண்ணாடி அறைக்கு நேர் எதிரே ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு இழைக்க ஆரம்பித்தார். அந்தப் பலகைக்கு எந்த ஆர்டரும் இல்லை. ஒரு அங்குலக் கனம் இருந்தது அரை அங்குலமாயிற்று. கண்ணாடிக்கு அந்தப்புறம் மாப்பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ஒரு தடவை நிமிர்ந்து வெளியே பார்த்தார். அங்குலம் உடனே பலகையைத் தூக்கி நேர் பார்த்தார். பிறகு மாப்பிள்ளை எழுந்து வெளியே வந்து, "மாமா, நாளைக்கு பிளைவுட் லாரி வருது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவ்வளவுதான். மறுநாளும் அவ்வளவுதான். மூன்றாம் நாளும். மூன்று நாளில் அங்குலம் இழைத்த சீவலை நான்கு சாக்கில் கட்டினார்கள்.

தேர்வு எழுதினார். தேர்வு அறையில் முதல் கேள்வியே கூம்புக் குறி. முடிவு வந்தது. எழுத்துத் தேர்வில் அறுபதுக்கு ஐம்பத்தொன்று. நோட்டுக்கு நாற்பதுக்கு முப்பத்தெட்டு. நான்காம் பக்கம் முழுவதும் மஞ்சளாக இருந்ததால் இரண்டு போயிற்று. வகுப்பில் அவர் மூன்றாவது. முதல் இரண்டு பேரும் கண்ணாடியில் விரல் வேலை செய்கிற ஆட்கள் என்பதை அங்குலம் இன்றைக்கும் எடுத்துச் சொல்வார். வெல்டரும் பாஸ். பதினாலாம் கணக்கை அவர் கடைசி நிமிடத்தில் திருத்தியது தன்னால்தான் என்பதையும் சொல்வார்.

சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்ட நினைத்துச் சட்டத்தைத் தானே செய்தார். அதில் ஒரு கோடு தெரியாது.

அடுத்த வாரம் ஒரு நூலகத்துக்கு நாற்பது வாசிப்பு மேசை ஆர்டர் வந்தது. அளவு, மரம், மூட்டு எல்லாம் அங்குலம் சொன்னபடி மாப்பிள்ளை வரைந்து முடித்தார். படத்தை அங்குலத்தின் டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டு வந்து அவர் முன்னால் வேலை மேசையில் வைத்தார். வலது ஓரத்தில் கட்டம் காலியாக இருந்தது.

"கையெழுத்து மாமா."

அங்குலம் காதிலிருந்து பேனாவை எடுத்தார். முதலில் படத்தின் அடியைப் பார்த்தார். கூம்புக் குறி இருந்தது. வட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"முப்பத்தேழாம் பக்கம் படிச்சேன் மாமா."

"ம்."

முப்பத்தேழாம் பக்கத்தில் இருந்தது இது: 'பதினோரு அலமாரி. தப்பு என்னுடையது. மாப்பிள்ளை சொன்னதுதான் சரி. அன்றே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். இனிமேல் சொன்னால் நன்றாக இருக்காது.'

மாப்பிள்ளை மேசையில் கிடந்த மரத்தூளைப் புறங்கையால் ஒதுக்கினார். பின்னால் இரண்டாவது இயந்திரம் ஓடி நின்றது.

"போன வாரம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். எதிர் ரூம்லதான் இருக்கு அந்தப் பதினொண்ணும்" என்றார். "நீங்க சொன்னது நிஜம் மாமா. அங்கதான் வெளிச்சம் நல்லா வருது."

அங்குலம் அவரை நிமிர்ந்து பார்த்தார். நாற்பது வருடக் கண்ணளவு. ஒரு மயிரிழை கோணல்கூட அந்த முகத்தில் இல்லை.

"நான் அப்பவே சொன்னேனே மாப்பிள்ளை" என்றார்.

பிறகு கையெழுத்துப் போட்டார். கட்டம் போதவில்லை. முதல் எழுத்து கட்டத்துக்கு வெளியே தொடங்கி, கடைசி எழுத்து மேசைக்காலின் படம் வரை போயிற்று. அழுத்திப் போட்டதால் கோடு தடிப்பாக விழுந்தது. ஒரு கண்ணை மூடித் தள்ளிவைத்துப் பார்த்தார். நேராக இருந்தது. வேலை முடிந்தது.

வேலை முடிந்ததும் அந்தக் கை என்ன செய்யுமோ அதைச் செய்தது. பேனா விரல்களுக்கு நடுவில் புரண்டு, வால் பக்கம் கீழே வந்தது.

அது திரையைத் தொடுவதற்குள் மாப்பிள்ளை டேப்லெட்டை உருவி எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.